இடுப்பு வலிக்காரர்களுக்கு அந்த 30 நாள் அட்டவணை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே 30 நாளில் எடை குறைப்பதற்கான அட்டவணை ஒன்று முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. சிட்-அப் 50, படுத்தபடி இரண்டு கால்களையும் தூக்குவது 30, குனிந்து கால் விரலைத் தொடுவது 30, ரஷ்யன் ட்விஸ்ட் 40, பர்பி 15, ஸ்கிப்பிங் 300. அடியில், 'எந்த வயதினரும் செய்யலாம்' என்று ஒரு குறிப்பு. எங்கள் ஆட்சேபம் அந்தக் குறிப்பின் மேல்தான். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்து அட்டவணையைக் கத்தரித்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுபவர்களில் பலருக்கு இடுப்பு வலி ஏற்கெனவே இருக்கும். 'எடையைக் குறைங்க, வலி குறையும்' என்று டாக்டர் சொல்லி அனுப்பியதால்தான் அவர்கள் அதைத் தேடவே தொடங்கியிருப்பார்கள்.

சிட்-அப்பிலிருந்து தொடங்குவோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், ஒரு முழு சிட்-அப்பில் கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 3300 நியூட்டன் என்று கணக்கிட்டார். கிலோவில் சொன்னால் 330-க்கு மேல். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்காக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த எச்சரிக்கை வரம்பே 3400 நியூட்டன்தான். அந்த வரம்பை ஒட்டிய ஒன்றை ஒரு நாளைக்கு 50 முறை, அதுவும் முதுகை வளைத்த நிலையில் செய்யச் சொல்கிறது அட்டவணை.

இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கும்போது வேலை செய்வது வயிற்றுத் தசை மட்டுமல்ல. தொடையிலிருந்து இடுப்பெலும்பைத் தாண்டி முதுகெலும்பில் போய் ஒட்டியிருக்கும் சோவாஸ் தசைதான் காலை இழுக்கிறது. வயிறு பலவீனமாக இருந்தால் அது முதுகெலும்பையும் சேர்த்து முன்னால் இழுக்கும், இடுப்பு தரையை விட்டு எழும்பும். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதற்கு இது போதும். ரஷ்யன் ட்விஸ்டில் உட்கார்ந்து, வளைந்து, அந்த வளைவோடு திருகுகிறோம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் (ஜவ்வின்) வெளிவளைய நார்களுக்கு மிகவும் ஒவ்வாத சேர்க்கை அது. பர்பியில் குனிவதும் குதிப்பதும் விழுந்து எழுவதும் ஒன்றாக இருக்கின்றன. களைத்த பிறகு அதை ஒழுங்காகச் செய்பவர் அபூர்வம்.

இவ்வளவு செய்தும் தொப்பை தனியாகக் கரையாது. வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுத் தசை வலுப்படும். கொழுப்பு எங்கிருந்து குறைய வேண்டும் என்பதை உடல்தான் தீர்மானிக்கும். கணக்கையும் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. மூச்சு வாங்கக் குதிக்கும் பயிற்சியில் 10 நிமிடத்துக்கு 90 முதல் 100 கலோரி வரை போகலாம். புதிதாகத் தொடங்குபவரால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்கவும் முடியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பதும் ஏறக்குறைய 120 கலோரிதான். எடை குறைவதில் பெரும் பங்கு அடுப்படியில் தீர்மானமாகிறது. அப்படியிருக்க, சில பத்து கலோரிகளுக்காக முதுகைப் பணயம் வைக்க என்ன அவசியம்?

எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் சிலர் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைப்பது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது ஆகியவற்றிலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, படுத்தாலும் தணியாத இரவு வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பது ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். மாதவிடாய் நின்ற பெண்களில் உயரம் குறைந்து மேல்முதுகு கூன் விழத் தொடங்கியிருந்தால் எலும்பு மெலிந்திருக்கலாம். அவர்கள் முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி எதையும் செய்யக் கூடாது.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. அவர்கள் 'எந்தப் பயிற்சி அதிகக் கலோரியை எரிக்கும்' என்று தேடுவதற்கு முன், 'என் முதுகு எந்தப் பக்கம் வளைந்தால் வலிக்கிறது' என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் கவனித்தாலே தெரிந்துவிடும்.

உட்கார்ந்தால், குனிந்தால், பைக்கில் போனால், தும்மினால் வலி கூடுகிறது. எழுந்து நாலு எட்டு நடந்தால் குறைகிறது என்றால் அது குனிவது ஒவ்வாத முதுகு. ஜவ்வு விலகல் என்று சொல்லப்பட்டவர்களில், குறிப்பாக 50 வயதுக்கு உட்பட்டவர்களில், இதை அதிகம் காணலாம். இவர்களுக்கு சிட்-அப், கால் விரலைத் தொடுவது, உட்கார்ந்து முன்னால் வளைவது, ஹலாசனம், பச்சிமோத்தாசனம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். காலுக்கு வலி இறங்குபவர்கள் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துத் தொடையின் பின்பக்கத்தை நீட்டுவதையும் நிறுத்த வேண்டும். அங்கே இறுக்கமாகத் தெரிவது பல சமயம் எரிச்சலடைந்த நரம்பு. அதை இழுக்க இழுக்க வலி கூடும்.

நின்றால், நடந்தால், பின்னால் சாய்ந்தால் வலியோ கால் குடைச்சலோ வருகிறது. உட்கார்ந்தால் அல்லது தள்ளுவண்டியைப் பிடித்தது போல முன்னால் சாய்ந்தால் தணிகிறது என்றால் இது நேர்மாறான வகை. நரம்புப் பாதை சுருங்கியவர்களிடமும் எலும்பு முன்னால் நழுவியவர்களிடமும் இது பரவலாக இருக்கும். வயது பெரும்பாலும் 55-க்கு மேல். இவர்களுக்குப் புஜங்காசனம், சக்ராசனம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது ஆகியவை ஆகாது. ஒரே முதுகுவலி வகுப்பில் இரண்டு வகையினரையும் உட்காரவைத்து ஒரே ஆசனத்தைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பேருக்குக் குணமாகி மீதிப் பேருக்கு வலி கூடுவதன் காரணம் இதுதான்.

இரண்டிலும் சேராதவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் லேசாக வலிக்கும், ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் கூடும். இவர்களுக்குத் தடை பெரிதாக இல்லை. மெதுவாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டாம். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அறிக்கையில் 'எல்4-எல்5 பல்ஜ்' (கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே டிஸ்க் பிதுக்கம்) என்று கண்டதும் ஆறு மாதம் படுக்கையில் கிடப்பதும் தவறு, ஒன்றுமே இல்லை என்று பர்பி அடிப்பதும் தவறு.

இனி என்ன செய்யலாம் என்பது. முதலிடம் நடைக்கு. 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அண்மையில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேர் பங்கேற்றார்கள். படிப்படியாகக் கூட்டிய நடையும் கொஞ்சம் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக, அதாவது பாதிப் பேருக்குத் திரும்பும் வரை, 208 நாள் ஆனது. எதுவும் பெறாதவர்களுக்கு 112 நாள். காசு கேட்காத மருந்து என்பதாலோ என்னவோ, இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

முதல் இரண்டு வாரம் ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகக் காலை, மதியம், மாலை. கையை இயல்பாக வீசி, பேச முடிந்து பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். மொட்டைமாடியில் எட்டுப் போடுபவர்கள் வெறுங்காலில் சிமெண்டுத் தளத்தில் நடக்காமல் ஷூ போட்டுக்கொள்வது நல்லது. இடம் சிறியதாக இருந்தால் திருப்பங்கள் அதிகம். ஒரே பக்கம் திரும்பாமல் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு வாரம் ஒவ்வொரு தடவையிலும் 2 நிமிடம் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். தினமும் மூன்று பத்து நிமிடம் நடந்தாலே அதன் கீழ் எல்லையைத் தாண்டிவிடலாம். மேல் எல்லைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும்.

நின்றால் வலிக்கும் வகையினர் 5 நிமிடம் நடந்து, வலி ஏறுவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி ஒரு நிமிடம் முன்னால் சாய்ந்துவிட்டு மறுபடி நடக்கலாம். வீட்டில் எக்சர்சைஸ் சைக்கிள் இருந்தால் இவர்களுக்கு அதுவே சிறந்தது. குனிவது ஒவ்வாதவர்களுக்கோ அதே சைக்கிள் தொல்லை. இருக்கை தாழ்ந்து ஹேண்டில் தூரமாக இருந்தால் முதுகு வில்லாக வளையும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தாங்குதிறன். மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் பெரும்பாலான முதுகுகளுக்கு ஒத்துவரும். ஒன்று, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, இடுப்பின் அடியில் இருக்கும் இயல்பான வளைவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து இம்மியளவு தூக்குவது. கழுத்து மடியக் கூடாது, இடுப்பு கையை நசுக்கக் கூடாது. இரண்டு, ஒருக்களித்துப் படுத்து முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. தொடக்கத்திலேயே பாதத்தை ஊன்றிச் செய்ய வேண்டாம். தோள் வலி உள்ளவர்கள் சுவரில் சாய்ந்து செய்யலாம். மூன்று, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. இதில்தான் தவறு அதிகம். காலை உயரத் தூக்கினால் அழகு என்று நினைத்து இடுப்பைச் சரித்துவிடுவார்கள். குதிகால் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. கையை நீட்டினால் ஆட்டம் வருகிறதென்றால் காலை மட்டும் நீட்டுங்கள்.

மூன்றிலும் ஒரு பிடி 10 விநாடி. அதற்கு மேல் பிடிக்க வேண்டாம். முதல் சுற்றில் 5 பிடி, அடுத்ததில் 3, கடைசியில் 1. பிடிக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் வயிற்றழுத்தமும் ரத்த அழுத்தமும் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

இவற்றோடு திசைக்கேற்ற ஒன்றைச் சேர்க்கலாம். குனிந்தால் வலிப்பவர்கள் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி 2 நிமிடம் இருக்கட்டும். ஒத்துக்கொண்டால் கையை ஊன்றி மேலுடலை மட்டும் 10 முறை தூக்கலாம், இடுப்பு தரையில் தளர்ந்து கிடக்க வேண்டும். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் நின்றால் அது நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாறாகக் காலில் கீழே இறங்கினால் அப்போதே நிறுத்த வேண்டும். நியூசிலாந்தின் இயன்முறை சிகிச்சையாளர் ராபின் மெக்கன்சியின் முறை இதை வைத்துத்தான் நடக்கிறது. நின்றால் வலிப்பவர்கள் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சருகே கொண்டுவந்து 20 விநாடி வைத்திருக்கலாம், பக்கத்துக்கு 3 முறை.

தசையைக் காக்காமல் எடையை மட்டும் குறைத்தால் இறங்குவதில் ஒரு பங்கு தசையாக இருக்கும். ஆகவே வாரம் 2 நாள் வலுப்பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை, 2 சுற்று. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கவனம். உட்காரும்போது இடுப்பு உள்ளே சுருண்டால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சுவரில் கைவைத்துத் தண்டால் 10. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 10. தோள் முதல் முழங்கால் வரை நேர்க்கோடு வந்ததும் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் தூக்கினால் வேலை பிட்டத்திலிருந்து முதுகுக்கு மாறிவிடும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 2 கிலோ எடை இருக்கிறது. பையில் போட்டு ஒரு கையில் பிடித்துச் சாயாமல் 20 மீட்டர் நடந்து, கை மாற்றித் திரும்பலாம். பழகியதும் பையில் இரண்டு பாட்டில்.

இவை எல்லாவற்றையும் விட உபயோகமானது, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் குனியப் பழகுவது. ஒட்டடைக் கம்பை முதுகோடு நிறுத்துங்கள். பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்புக்குச் சற்று மேல் என மூன்று இடத்திலும் அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கிப் பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியும்போது மூன்றில் ஒன்று விலகினாலும் அதுதான் எல்லை, அங்கிருந்து திரும்ப வேண்டும். நாளைக்கு 10 முறை போதும். சிலிண்டரை நகர்த்தும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் பேரனைத் தூக்கும்போதும் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு முழுக்கப் படுத்திருக்கையில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அதற்கு ஆகாது. விடியற்காலையில் நடக்கலாம், குனியும் பயிற்சிகளைத் தள்ளிவைக்கலாம். சூரிய நமஸ்காரம் செய்து பழகியவர்கள் கால் விரலைத் தொடும் நிலையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, எண்ணிக்கையை 12-லிருந்து 3-ஆகக் குறைத்து வலியைப் பார்த்துக் கூட்டலாம். தரையிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். பயிற்சியில் வராத வலி பலருக்கு எழும்போதுதான் பிடிக்கிறது.

பயிற்சி சரியா என்று அறிய வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடலாம். 3 வரை ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வராவிட்டால் முந்தைய நாள் அளவில் பாதி. ஒரு வாரத்தில் நேரம், எண்ணிக்கை, எடை ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எல்லாவற்றையும் கூட்டிவிட்டால் எது தொல்லை தந்தது என்று தெரியாமல் போகும்.

யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் உட்கார்ந்தபடி முழுதாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும். முதல் 5 நிமிடத்துக்குள் குதிக்கச் சொன்னால், ஒவ்வொரு அசைவுக்கும் எளிய மாற்று காட்டாவிட்டால், நிமிடத்துக்கு நாலு முறை தரைக்கும் நிலைக்கும் மாற்றினால், அடுத்த காணொளிக்குப் போய்விடலாம். செல்போனைத் தரையில் வைத்துக் கழுத்தை முறித்துப் பார்க்காமல், கண் உயரத்தில் வையுங்கள். உட்கார்ந்து ஸ்பிரிங்கை இழுக்கும் டம்மி ட்ரிம்மர் (தொப்பை குறைக்கும் கருவி), வேறு பெயரில் விற்கப்படும் சிட்-அப். சானா பெல்ட்டில் இறங்குவது வியர்வை; இரண்டு டம்ளர் தண்ணீரில் திரும்பிவிடும். இடுப்பு பெல்ட்டையும் நாட்பட்ட வலிக்கு வழக்கமாகப் போட வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

உணவைப் பற்றிப் பலரும் எழுதுவதால் சுருக்கமாக முடிக்கிறோம். எண்ணெயைச் சட்டியில் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது புரதம் வரட்டும். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நன்று. 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ குறைந்தாலே ரத்தச் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பயன் தெரியும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வரம்பு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதியும் உண்டு. எந்த வகை முதுகு என்பதில் குழப்பம் இருந்தால் அங்கே ஒருமுறை காட்டிக் கேட்கலாம்.

அடுத்த முறை இத்தகைய அட்டவணை வெளியிடும்போது 'எந்த வயதினரும் செய்யலாம்' என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்: குனிந்தால் வலிப்பவர்கள் எவற்றை விட வேண்டும், நின்றால் வலிப்பவர்கள் எவற்றை விட வேண்டும், எந்த அறிகுறி கண்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்றாவது வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
மதுரை